நேரமானாள்

பிப்ரவரி 3

மாமாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். மின்னஞ்சல் அனுப்பினால் திறக்கவே மாட்டீர்கள். அதனால் அலுவலகம் முழுக்க ஒரு பேனாவைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன். மை வராமல் மூன்று தடவை உதறினேன். உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு எவ்வளவு பிடித்த வேலை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறுகதைத் தொகுப்பு போடுகிறேன். பெயர் 'நேரம் இல்லாதவர்களுக்கு'. பதினைந்து பேர், பதினைந்து கதை, எல்லாமே நேரத்தைப் பற்றி. ஒவ்வொரு கதையின் தலையிலும் படிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று போட்டுவிடுவோம். பஸ்ஸுக்கு நிற்கிறவன், பல் டாக்டர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், மேலாளர் வராததால் மீட்டிங் அறையில் விட்டத்தைப் பார்க்கிறவன், இவர்கள்தான் என் வாசகர்கள். உங்கள் வாசகர்களைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் தூக்கம் வராதவர்களும் அல்ல.

பதினான்கு கதை வந்துவிட்டது. பதினைந்தாவது ஆள் கடைசியில் கழன்றுகொண்டார். உங்களைக் கேட்கும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. அக்காதான் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரைக் கேட்டுப் பாரேன். எழுத மாட்டார். கேட்டோம்னு இருக்கட்டும்."

அறுநூறு சொல். அதற்கு மேல் போனால் வெட்டுவேன். உங்கள் கடைசி நாவலில் ஒருவன் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதற்கு எட்டுப் பக்கம் ஆகிறது. நான் ஏழாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். அவனை உள்ளே விட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மைத்துனன்


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. சிவப்பு மையால் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். புத்தகம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு எந்த இடத்தில் 'ல', எந்த இடத்தில் 'ள' என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? உன் அக்கா உனக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்தாள் என்பார்கள். ஒன்றும் ஏறவில்லை போலிருக்கிறது.

நேரம் இல்லாதவனுக்கு எதற்கய்யா கதை? பசியே இல்லாதவனைப் பிடித்து உட்கார வைத்துப் பரிமாறுவாயா? கதையின் தலையில் நிமிடம் போடுகிறாயாமே, நீ மருந்துக்கடை வைத்திருக்கிறாயா, பதிப்பகம் வைத்திருக்கிறாயா? அடுத்த பதிப்பில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்றும் போட்டுவிடு. பல் வலிக்கிறவளுக்கு வேண்டியது டாக்டர். அவள் கையில் இலக்கியத்தைக் கொடுத்தால் இரண்டும் வலிக்கும்.

நான் எழுதப் போவதில்லை. பதினைந்தாவது கதை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்தாளை வைத்துக் கட்டிவிடு. உன் ஆட்களுக்கு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும், உன்னை வாழ்த்துவார்கள்.

உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் நீ ஒரு ஆயுதமாக்கிக்கொள்வாய். அவளுடைய மூக்குக்கண்ணாடி ஒன்று இங்கே மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன். அவளே வந்து எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாமா


பிப்ரவரி 20

மாமாவுக்கு,

அக்கா புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாள். பழையதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா பார்க்கலாம்.

அவளே வந்தாலும் ஆட்சேபம் இல்லையாம். அடேயப்பா, என்ன பெருந்தன்மை! அவள் எப்படிப் போனாள் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். "நான் தம்பி வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்" என்றாள். நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. "இரு, இந்தப் பத்தியை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றீர்கள். அவள் பஸ் பிடித்து, ஊர் வந்து சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, என் பெண்ணுக்குத் தலை பின்னி விட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது. டீத்தூள் டப்பா எங்கே என்று கேட்டீர்கள்.

அந்தப் பத்தியாவது நன்றாக வந்ததா?

இங்கே என் அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்து தபாலையும் பார்சலையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கூரியர்காரர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள். சில சமயம் சத்தம் போட்டுச் சிரிக்கிறாள், எனக்கே பழக்கமில்லாமல் திரும்பிப் பார்க்கிறேன்.

கதையை விடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மாட்டேன் என்று எழுதியதை நேற்று அவளிடம் சொன்னேன். "மாட்டார்னு இல்லடா, முடியாது. அறுநூறு வார்த்தை அவருக்குத் தொண்டையைக் கனைக்கவே பத்தாது" என்றாள்.

மைத்துனன்


மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

இத்துடன் கதை இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள், உனக்கு அது ஒன்றுதான் தெரியும். தொண்டையைக் கனைக்காமல் எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

உனக்காக எழுதியதில்லை இது. உன் பஸ் ஸ்டாப் பேர்வழிகளுக்காகவும் இல்லை. கதையில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் வீடு இருக்கிறது, வீட்டில் அவன் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறான் என்பது இருக்கிறது. நடுவில் ஒரு வாக்கியம்: 'அந்த வருடம் என் மனைவி காலமானாள்.' அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மற்ற எல்லாச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. உனக்குப் புரியாது, பரவாயில்லை, நீ அச்சடித்தால் போதும். எதையும் தொடாதே.

அச்சுக்குப் போகுமுன் அவளிடம் படிக்கக் கொடு. என்ன சொன்னாள் என்பதை விடு. படிக்கும்போது முகம் எப்படி இருந்தது என்று பார்த்து எழுது. உன்னால் அதையாவது ஒழுங்காகச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

அவளிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். என் வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறவளிடம் போய், உன்னை மாமா கொன்றுவிட்டார், படித்துப் பார் என்று நீட்டச் சொல்கிறீர்களா?

விட்டுப் போனாள் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. செத்துப் போனாள் என்று எழுத வந்துவிட்டது. அது வசதிதானே? மனைவி விட்டுப் போனால் ஏன் போனாள் என்று ஊர் கேட்கும். செத்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நாலு பேர் வந்து தோளில் கை வைத்துவிட்டுப் போவார்கள். உங்களைப் போல ஒரு கெட்டிக்காரரை நான் பார்த்ததில்லை.

கதையைப் போடுகிறேன். நன்றாக இருப்பதால் இல்லை, நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவும் தெரியாது, முதல் பக்கம்தான் படித்தேன். அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது. தலையில் 'நான்கு நிமிடம்' என்று போட்டிருக்கிறேன். உங்கள் எழுத்துக்கு இதுவரை யாரும் காட்டாத கருணை.

மைத்துனன்


ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

அப்படிக் கூப்பிடவே நாக்கு கூசுகிறது.

புத்தகம் வந்தது. என் கதையைத் திறந்தேன். நடுவில் உள்ள அந்த வாக்கியம் இப்படி இருக்கிறது: 'அந்த வருடம் என் மனைவி நேரமானாள்.'

நேரமானாள்!

டேய், பஸ்ஸுக்கு நேரமாகும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். அடுப்பில் வைத்த பால் பொங்க நேரமாகும். மனிதர்கள்தான் காலமாவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பிக் கேள், தூக்கத்தில் சொல்லும். என் மனைவி என்ன எட்டரை மணி பஸ்ஸா? உன் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, அல்லது எல்லாரும் உன் வாசகர்களா?

எத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒரு புள்ளியை யாரும் தொட்டதில்லை. நீ என் கதையின் உயிர்நாடியில் கையை வைத்து முறுக்கியிருக்கிறாய். உடனே பிழைதிருத்தச் சீட்டு அடித்து விற்காத பிரதிகளில் எல்லாம் ஒட்டு. 'நேரமானாள் என்பதைக் காலமானாள் என்று படிக்கவும்.' இதையாவது பிழையில்லாமல் அடி.

அவள் படித்தாளா?

மாமா


மே 2

மாமாவுக்கு,

நடந்தது இதுதான். விளம்பரம் எழுதுகிறவர் வந்து, 'காலம்' என்பது கிழட்டுச் சொல்லாக இருக்கிறது, புத்தகத்தின் பெயரில் நேரம் இருக்கிறது, உள்ளேயும் நேரமே இருக்கட்டும் என்றார். சரி என்று கம்ப்யூட்டரில் எல்லாக் கதையிலும் ஒரே அடியாக மாற்றினேன். 'காலமும்', 'காலமாக' என்று வருகிறதெல்லாம் சேர்ந்து மாறட்டும் என்று சொல்லைப் பாதியில் நிறுத்தி, 'காலம' என்று தேடச் சொன்னேன். மழைக்காலம் 'மழைக்நேரம்' ஆனது. எதிர்காலம் 'எதிர்நேரம்' ஆனது. அதையெல்லாம் பக்கம் அமைக்கிற அம்மா பிடித்துவிட்டார். உங்களுடையதையும் அவர் பார்த்தார். என்னிடம் கேட்டார். "அவர் அப்படித்தான் எழுதுவார், புரியாத மாதிரிதான் இருக்கும், விடுங்க" என்றேன். தப்பு என்னுடையதில்லை, உங்கள் பேர் அப்படி.

இப்போது முக்கியமான செய்தி. புத்தகம் ஓடுகிறது. ஓடுவதற்குக் காரணம் உங்கள் கதை. உங்கள் கதை ஓடுவதற்குக் காரணம் அந்த ஒரு சொல். 'மனைவி இறக்கவில்லை, அவனைச் சுற்றியுள்ள நேரமாகவே மாறிவிட்டாள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரேடியோவில் ஒரு பெண் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு பழைய சோகப் பாட்டைப் போட்டாள். மாவட்ட நூலகர் ஒருவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார். நீங்கள் இத்தனை வருடம் எழுதியும் கிடைக்காத பேரை நான் ஒரு பொத்தானை அழுத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.

அக்கா படித்தாள். ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து, மூலத்தில் என்ன சொல் இருந்தது என்று என்னைக் கேட்டாள். மறைத்துப் பார்த்தேன், விடவில்லை. சொன்னேன். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இருபத்தாறு வருஷத்துக்கு எனக்குன்னு ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருக்கார். அதுவும் தப்பா அச்சாகியிருக்கு."

இரண்டாம் பதிப்பு வருகிறது. இங்கே ஒரு வாசகர் கூட்டம் வைக்கிறோம். நீங்கள் வந்தால் நல்லது என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை.

மைத்துனன்


மே 11

மாப்பிள்ளைக்கு,

யோசித்துப் பார்த்தேன். திருத்தச் சீட்டுக்கு அவசரம் இல்லை. மொழி சில சமயம் எழுதுகிறவனைத் தாண்டிப் போய்விடும். கை தவறியது உன்னுடையதாக இருக்கலாம். ஆனால் தவறிய சொல் உன் மற்ற பதினான்கு பேர் கதையிலும் விழுந்து செத்தது, என் கதையில்தான் எழுந்து நின்றது. அது ஏன் என்று யோசிக்க உனக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

வாசகர்கள் எனக்கும் எழுதுகிறார்கள். பதில் எழுதவே காலைப்பொழுது போய்விடுகிறது. ஒரு கல்லூரி மாணவி அந்த வரியைத் தன் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறாளாம், எழுத்துப்பிழை இல்லாமல் குத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன், ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவள் வருவாளா? வந்தால் முன்வரிசையில் இடம் போட்டு வை. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

மாமா


ஜூன் 2

மாமாவுக்கு,

நாற்பது நிமிடம் பேசினீர்கள். கம்ப்யூட்டர் போட்ட ஒரு சொல்லுக்கு! 'அந்தச் சொல் வருவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன்' என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது, பக்கம் அமைக்கிற அம்மா இருமல் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். கூச்சமே இல்லையா மாமா உங்களுக்கு? வியாபாரி நான், நானே கூசினேன்.

அதை விடுங்கள். அக்கா முன்வரிசையில் உட்காரவில்லை, கடைசியில் கதவோரம் நின்றாள். முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் பார்த்தீர்கள், பார்க்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன். வங்கி மேலாளர் ஒருவர் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் அக்காவைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினீர்கள். ஒரு நிமிஷம் என்று. அவருடைய மனைவி பேரையும் பிள்ளைகள் பேரையும் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

என்ன சொல்ல வந்தாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தெரிந்து வயிறு எரியட்டும். அன்று மத்தியானமே அவள் பெட்டியைக் கட்டி என் காரில் வைத்துவிட்டாள். உங்களோடு அதே பஸ்ஸில் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். கோபம் இருந்தது, ஆனாலும் வருவதாக இருந்தாள். "ஒரு வார்த்தைதான்னாலும் எனக்காகத்தானேடா எழுதினார்" என்றாள் என்னிடம்.

வெளியே வந்து பார்த்தேன், காரில் உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல. நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

கூட்டத்துக்கு வர உங்களுக்குப் பஸ் கிடைத்தது. அவளைக் கூட்டிப் போக மட்டும் இத்தனை மாதமாகக் கிடைக்கவில்லை.

மைத்துனன்


ஜூன் 10

மாப்பிள்ளை,

நீ எழுதியது எல்லாம் சரி. விரலைத் தூக்கினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, தூக்கும்போது சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேர் எனக்காக நிற்கிறார்கள் என்று அவள் பார்க்கட்டும் என்று இருந்தது. வெட்கம் கெட்டவன் நான்.

இரண்டாம் பதிப்பில் அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும். 'நேரமானாள்' வேண்டாம். 'காலமானாள்' என்பதும் வேண்டாம், அது நீ சொன்னதுபோல வசதிக்காக எழுதியது. இப்படிப் போடு:

'அந்த வருடம் என் மனைவி என்னை விட்டுப் போனாள்.'

இரண்டு சொல் கூடுகிறது. வேறு எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள், கேட்கவே வேண்டாம். வாசகர்களுக்குப் பிடிக்காது, நூலகர் சுவரிலிருந்து கழற்றிவிடுவார். கழற்றட்டும்.

இந்தத் தடவை மறைக்காமல் அவளிடம் காட்டு. வந்துவிடு என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். எழுத்தாளன் என்று பேர், அந்த ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இதை எழுதியிருக்கிறேன். அவளுக்குப் புரியும். புரியாவிட்டால் நீ சொல். உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

மாமா


ஜூன் 18

மாமாவுக்கு,

காட்டினேன். முன்மேசையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முகம் எப்படி இருந்தது என்று முன்பு கேட்டிருந்தீர்கள், அதனால் பார்த்தேன். கடைசி வரைக்கும் படித்தாள், பிறகு அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்தாள். கண் கலங்கியது, உண்மையைச் சொல்கிறேன். நல்ல வாக்கியம் என்றுதான் எனக்கும் பட்டது. உங்கள் எழுத்தில் எனக்குத் தூக்கம் வராதது இது ஒன்றுதான்.

உங்களுக்காகப் பேசினேன். நானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவருக்குக் கூப்பிடத் தெரியலக்கா, இப்படித்தான் கூப்பிடறார். போய்த்தான் பாரேன்" என்றேன்.

தாளை நீட்டி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பத்தான் சரியா எழுதியிருக்கார். இதுல ஒரு பிழையும் இல்ல. அப்படியே போடு" என்றாள்.

"அப்போ நீ?" என்றேன்.

"நான் திரும்பிப் போனா அது மறுபடியும் பிழையாயிடும்டா" என்றாள்.

அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மைத்துனன்